வாஞ்சிநாதன் ஏன் சுட்டார்? – ஒரு கொலையும் பல விளக்கங்களும்



மலர்க்குழு நண்பர் போனில் கேட்டது, "ஆட்டோமேஷன் பற்றி ஏதாவது எழுதிக் குடுப்பா" என்றுதான். ஆட்டோமேஷன் பற்றி எழுத நம் முன்னாள் மாணவர்களில் என்னைவிடத் தகுதியான நூறு பேர் ஓசூரிலேயே இருக்கிறார்கள். சிப்காட்டில் எந்தக் கம்பெனி வாசலில் நின்று கல்லை எறிந்தாலும் நம் ஆள் ஒருவர் தலையில்தான் விழும்! ஆகவே என் மனதுக்குப் பிடித்த வேறொரு விஷயத்தை எழுதுகிறேன் என்றேன். "சரித்திரமா? யாரு படிப்பாங்க?" என்று சிரித்தார். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நான் இறுதியாண்டு படித்த 2011-ஆம் ஆண்டுதான் மணியாச்சி சம்பவத்தின் நூறாவது ஆண்டு. அப்போது கையில் எடுத்த விஷயம், வேலைக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும், நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கம் வராத பகல்களிலும் வாஞ்சிநாதனைப் பற்றிக் கிடைத்த வரலாறுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். சுட்டவர் ஒருவர், சுடப்பட்டவர் ஒருவர், நாள் ஒன்று, இடம் ஒன்று. ஆனால் "ஏன் சுட்டார்?" என்ற கேள்விக்கு மட்டும் ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு பதில் சொல்கிறது. இந்தப் பதில்களை அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

நடந்தது என்ன?

இதில் யாருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 1911 ஜூன் 17, சனிக்கிழமை. திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் எஸ்கார்ட் ஆஷ், மனைவியுடன் கொடைக்கானலுக்குப் புறப்பட்டார். குழந்தைகள் அங்கே இருந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த ரயில் மணியாச்சி ஜங்ஷனில் நின்றது. தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காகக் காத்திருந்தது. காலை பத்தரை மணியைத் தாண்டிய நேரம். முதல் வகுப்புப் பெட்டிக்குள் ஏறிய இளைஞர் ஒருவர், பிரவுனிங் கைத்துப்பாக்கியால் ஆஷை மார்பில் சுட்டார். பிளாட்பாரத்தில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து, அதே துப்பாக்கியால் தன்னையும் சுட்டுக்கொண்டார். சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. கீழே "வாஞ்சி ஐயர், செங்கோட்டை" என்று கையெழுத்து.

குற்றவாளியைக் கூண்டில் ஏற்றி "ஏனப்பா செய்தாய்?" என்று கேட்க முடியாமல் போனது. அந்தக் காலி இடத்தைத்தான் கடந்த நூற்றுப் பத்து வருஷங்களாக ஆளாளுக்கு நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

வாஞ்சி பற்றி உறுதியாகத் தெரிந்தவை கொஞ்சம்தான். 1886-ல் செங்கோட்டையில் பிறந்தார். தந்தை ரகுபதி ஐயர், தாய் ருக்மணி அம்மாள். வீட்டில் வைத்த பெயர் சங்கரன். திருவனந்தபுரத்தில் கல்லூரிப் படிப்பு. மனைவி பொன்னம்மாள். புனலூரில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வனத்துறையில் உத்தியோகம். இறக்கும்போது வயது 25.

இங்கே ஒரு விஷயத்தை நம்ம ஊர்க்காரர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். அன்று செங்கோட்டை திருநெல்வேலி ஜில்லாவில் இல்லை, திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பக்கத்திலேயே இருக்கும் தென்காசி பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டது. அத்திப்பள்ளியில் குடியிருந்துகொண்டு ஓசூரில் வேலை பார்ப்பவருக்கும், ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்டு வளர்ந்தவருக்கும் எல்லைக்கோடு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வாஞ்சி ஓர் எல்லைக்காரர். ஆஷ் அவருடைய கலெக்டரே அல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் பயன்படும்.

முதல் விளக்கம்: கப்பலுக்குப் பழி

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்தது இதுதான். வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டு, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் ஏகபோகத்தை உடைத்தார். 1908 பிப்ரவரி-மார்ச்சில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு அவரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். மார்ச் 12-ல் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது; போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டைத் தீவாந்தர தண்டனை, மொத்தம் 40 ஆண்டுகள் (மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது). 1911-ல் கம்பெனியே கலைக்கப்பட்டது.

இதற்கெல்லாம் மூலகாரணம் ஆஷ், ஆகவே வாஞ்சி பழி தீர்த்தார் என்பது இந்த விளக்கம். ரகமி எழுதிய 'வீர வாஞ்சி' முதல் மேடைப் பேச்சாளர்கள் வரை இதைத்தான் உணர்ச்சியோடு சொல்கிறார்கள். படிக்கும்போது ரத்தம் சூடேறும், அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் இரண்டு இடங்களில் நட் டைட்டாக உட்காரவில்லை. ஒன்று: 1908 மார்ச்சில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் அல்ல, விஞ்ச். ஆஷ் அப்போது தூத்துக்குடியில் சப்-கலெக்டர். சுதேசிகளை அடக்கியதிலும், வெள்ளைக்காரக் கம்பெனிக்குச் சாதகமாக நடந்ததிலும் ஆஷுக்குப் பங்கு உண்டு என்பதே அன்றைய சுதேசிகளின் குற்றச்சாட்டு. அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் மேடைகளில் விஞ்ச் பெயர் காணாமல் போய், எல்லாப் பழியும் ஆஷ் தலையில் ஏறிவிடுகிறது. செத்தவர் அவர்தானே, கதைக்கு அதுதான் வசதி!

இரண்டு: வாஞ்சியின் கடிதத்தில் கப்பலும் இல்லை, வ.உ.சி.யும் இல்லை. ஏன், ஆஷ் பெயரே இல்லை!

இரண்டாவது விளக்கம்: சட்டைப்பைக் கடிதம்

அப்படியானால் கடிதத்தில் என்னதான் இருக்கிறது? சாராம்சத்தை என் வார்த்தையில் தருகிறேன். ஆங்கிலேய மிலேச்சர்கள் நாட்டைப் பிடித்து சனாதன தர்மத்தைக் காலால் மிதிக்கிறார்கள். ராமன், கிருஷ்ணன், அர்ஜுனன், சிவாஜி, குரு கோவிந்தர் ஆகியோர் ஆண்ட பூமியில், பசு மாமிசம் தின்னும் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டப் பார்க்கிறார்கள். ஜார்ஜ் இங்கே கால் வைத்ததும் அவரைக் கொல்ல மூவாயிரம் சென்னை மாகாணத்தார் சபதம் எடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணத்தைத் தெரிவிக்கவே, அவர்களில் கடையனான நான் இன்று இதைச் செய்தேன். இவ்வளவுதான்.

தேதியைக் கவனியுங்கள். லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடியது 1911 ஜூன் 22. மணியாச்சியில் குண்டு வெடித்தது அதற்கு ஐந்து நாள் முன்பு. அதே ஆண்டு டிசம்பர் 12-ல் தில்லி தர்பார். பாரிஸில் இருந்த மேடம் காமாவும் தம் பத்திரிகையில் இந்தக் கொலையை முடிசூட்டு விழாவோடு சேர்த்துத்தான் எழுதினார். லண்டன் ஊர்வலத்தில் இந்தியப் பிரபுக்கள் வேடிக்கைப் பொருளாக நடந்த நேரத்தில், ஊரில் இளைஞர்கள் தூங்கவில்லை என்று காட்டிவிட்டார்கள் என்ற பொருளில். ஆக, அந்தக் காலத்தவர் காதில் இந்தக் குண்டு முதலில் ராஜாவுக்கு எதிரான குண்டாகத்தான் விழுந்தது.

பேராசிரியர் ஆ.சிவசுப்பிரமணியனின் 'ஆஷ் கொலையும் இந்தியப் புரட்சி இயக்கமும்' நூலை நம் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். கடிதத்தில் உள்ள மதச் சாயலை அது மூடி மறைக்கவில்லை. அதே சமயம், அன்றைய புரட்சிக்காரர்கள் எந்தச் சமூகப் பின்னணியிலிருந்து வந்தார்கள், எந்த மொழியில் தேசத்தைக் கற்பனை செய்தார்கள் என்ற பெரிய படத்துக்குள் வைத்துப் பார்க்கிறது. வாஞ்சியைத் தூக்கிப் பிடிப்பவர்கள் "சனாதன தர்மம்" என்ற சொல்லை விட்டுவிட்டுக் கடிதத்தைப் படிக்கிறார்கள். தூற்றுபவர்கள் அந்தச் சொல்லைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை. "சுயராஜ்யம்" என்ற சொல்லும் அதே தாளில்தான் இருக்கிறது!

மூன்றாவது விளக்கம்: அக்ரகாரக் கதை

இது நம் தலைமுறையில் வேகமாகப் பரவியது. பிரசவ வேதனையில் துடித்த ஒரு தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண்ணை ஆஷ் தன் வண்டியில் ஏற்றி, அக்ரகாரத்துத் தெரு வழியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், தடுத்தவர்களை அடித்தார், அந்த ஆத்திரத்தில் வாஞ்சி சுட்டார் என்பது கதை. குற்றால அருவியில் எல்லோரும் குளிக்கலாம் என்று ஆஷ் உத்தரவு போட்டார் என்று இன்னொரு கதையும் உண்டு.

சென்ற சந்திப்பில் மதிய சாப்பாட்டு நேரத்தில் இதை வைத்துத்தான் பெரிய சண்டை நடந்தது. ஹாஸ்டலில் நாலு வருஷம் ஒரே அறையில் இருந்த இரண்டு பேர். ஒருவன், "தியாகியைக் கேவலப்படுத்தாதே" என்றான். மற்றவன், "எங்க பாட்டன் அந்தத் தெருவுல செருப்புப் போட்டு நடக்க முடியாதுடா, அதை மொதல்ல பேசு" என்றான். பாயசம் வருவதற்குள் இருவரும் வேறு வேறு பந்திக்குப் போய்விட்டார்கள். இன்றுவரை பேச்சு இல்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்த நூல்கள் எதிலும் இந்தக் கதைகளுக்கு அந்தக் காலத்து ஆவணம் காட்டப்படவில்லை. கதையின் சில வடிவங்கள் சம்பவத்தை வாஞ்சியின் ஊரான செங்கோட்டையிலேயே நடத்துகின்றன. முன்னே சொன்னேனே, செங்கோட்டை அன்று திருவிதாங்கூர்! திருநெல்வேலி கலெக்டருக்கு அங்கே அதிகாரம் கிடையாது. ஆஷைப் பற்றி நீண்ட காலம் தேடிய ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி, அயர்லாந்து வரை போய் ஆஷின் குடும்பத்தாரைச் சந்தித்து, 2010-ல் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். (அவருடைய 'ஆஷ் அடிச்சுவட்டில்' நூலும், சுதேசிக் கப்பல் பற்றி 2023-ல் வந்த ஆங்கில நூலும் நம் கல்லூரி நூலகத்தில் இருக்க வேண்டியவை.) அவரும் ஆஷை ஏழைகளின் தோழன் என்று காட்டும் கதைக்குச் சான்று இருப்பதாகச் சொல்லவில்லை.

ஆனால் இரண்டாவது நண்பன் சொன்னது பொய்யா? பொய்யே இல்லை. கதைக்கு ஆவணம் இல்லை, தெருவுக்கு உண்டு. அந்தத் தெருக்களில் யார் நடக்கலாம், யார் நடக்கக் கூடாது என்பதற்கு நாட்டில் சான்று கொட்டிக் கிடக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் அதே திருவிதாங்கூரில், வைக்கத்தில் கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924-ல் சத்தியாக்கிரகமே நடத்த வேண்டியிருந்தது. நம் பாட்டன்மார் பட்ட அவமானத்தை நிரூபிக்க ஆஷ் நல்லவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. சான்றில்லாத கதையின் மேல் நியாயமான கோபத்தை ஏற்றி வைத்தால், கதை சரியும்போது கோபத்தையும் சேர்த்துச் சிரிப்பார்கள். அதுதான் என் கவலை.

நான்காவது விளக்கம்: பின்னால் இருந்தவர்கள்

நீதிமன்றம் வேறு விதமாகப் பார்த்தது. தனி மனிதனின் மனதை விட்டுவிட்டு, அமைப்பைத் தேடியது. 14 பேர் மேல் வழக்கு. சென்னை உயர்நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஆர்னால்ட் வைட், ஐலிங், சங்கரன் நாயர் ஆகிய மூவர் விசாரித்தார்கள். 1912 பிப்ரவரியில் தீர்ப்பு. 9 பேருக்குத் தண்டனை. மூன்று நீதிபதிகளுக்குள்ளேயே முழு ஒற்றுமை இல்லை. சங்கரன் நாயர் தனியாகத் தீர்ப்பு எழுதினார். கூடவே, போலீஸ் தேடி வந்தபோது தற்கொலை செய்துகொண்ட இரு இளைஞர்களையும் மறக்கக் கூடாது.

இந்த வழியில் போனால் வாஞ்சி ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி. லண்டனில் சாவர்க்கரின் கூட்டாளியாக இருந்த வ.வே.சு.ஐயர் 1910-ல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் லண்டனில் மதன்லால் திங்ரா, கர்சன் வைலியைச் சுட்டிருந்தார். 1911 தொடக்கத்தில் வாஞ்சி விடுப்பு எடுத்துக்கொண்டு புதுச்சேரி போனார். அங்கே துப்பாக்கிப் பயிற்சி பெற்றார். ரா.அ.பத்மநாபன் எழுதிய வ.வே.சு.ஐயர் வரலாற்றைப் படித்தால், திருநெல்வேலிக் கோபம் மட்டுமல்ல, லண்டன் வழிமுறையும் மணியாச்சிக்கு வந்து சேர்ந்தது புரியும்.

வழக்கில் முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரி. சீர்காழிப் பக்கத்து எருக்கூர்க்காரர். ஊர் ஊராகப் போய் ரகசியச் சங்கம் கட்டியவர். ரத்தச் சத்தியம் வாங்கியவர். ஆனால் கொலை நடந்தபோது அந்தப் பக்கமே இல்லை. தனி ஆட்களைக் கொல்வதில் தமக்கு உடன்பாடில்லை, 1857 போலப் பெரிய எழுச்சிதான் திட்டம் என்பது அவர் தரப்பு. ஏழு ஆண்டு தண்டனை பெற்றார். பிறகு பொதுவுடைமைக் கருத்துகளால் இன்னொரு முறை சிறை. கடைசியில் காவி கட்டி ஓம்காரானந்தர் ஆனார்.

எங்கே தெரியுமா? நந்தி மலையில்! சனிக்கிழமை ராத்திரி பைக்கை எடுத்துக்கொண்டு, பெங்களூரைத் தாண்டி, சூரிய உதயம் பார்க்க நீங்கள் போகிறீர்களே, அதே நந்தி மலை. அங்கேதான் அவர் பல ஆண்டுகள் வாழ்ந்து 1978-ல் மறைந்தார். நம் பக்கத்துக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. வ.உ.சி.யோடு கைதான சுப்பிரமணிய சிவா தம் கடைசி நாட்களைக் கழித்து 1925-ல் மறைந்தது, தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டமும் 2004 வரை தருமபுரியோடுதான் இருந்தது. தென்கோடிச் சரித்திரம் என்று நினைப்பது நம் பஸ் ரூட்டிலேயே வந்து முடிந்திருக்கிறது.

ஒரு குவாலிட்டிக்காரன் பார்வையில்

நான் சரித்திர ஆசிரியன் அல்ல. பதினான்கு வருஷமாக உடைந்த பாகங்களைக் கையில் வைத்துக்கொண்டு "ஏன் உடைந்தது?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் மூன்று விஷயம் சொல்லலாம்.

முதலாவது: ஒரு பேரிங் போய்விட்டால், பர்சேஸ்காரர் "ஆபரேட்டர் கிரீஸ் வைக்கலை" என்பார். புரொடக்ஷன்காரர் "மட்டமான பேரிங் வாங்கிட்டாங்க" என்பார். மெயின்டனன்ஸ்காரர் "ஓவர்லோடு" என்பார். மூவரும் பொய் சொல்வதில்லை. அவரவர் துறைக்குப் பழி வராத காரணத்தை முதலில் சொல்கிறார்கள், அவ்வளவே. வரலாறு எழுதுபவரும் மனிதர்தான். தியாகி வேண்டும் என்பவருக்குக் கப்பல் கிடைக்கிறது. வில்லன் வேண்டும் என்பவருக்கு அக்ரகாரம் கிடைக்கிறது. சதிகாரர்கள் வேண்டிய போலீசுக்குப் புதுச்சேரி கிடைத்தது. ஒரு விளக்கத்தைப் படிக்கும்போது, "இந்தக் காரணம் யாருக்கு வசதி?" என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாவது: எல்லாச் சான்றுக்கும் ஒரே எடை கிடையாது. உடைந்த அன்று எடுத்த ரீடிங் ஒன்று. ஆறு மாதம் கழித்து ஆபரேட்டர் ஞாபகத்திலிருந்து சொல்வது ஒன்று. கேன்டீனில் கேட்டது ஒன்று. கடிதம் முதல் வகை. ஆனால் அதுவும் பிறர் படிக்க வேண்டும் என்றே எழுதிப் பையில் வைத்தது; மூவாயிரம் பேர் என்ற கணக்கை அப்படியே நம்ப முடியாது. வழக்குச் சாட்சியங்கள் இரண்டாம் வகை. அப்ரூவர் ஆனவர்கள் தம் தலை தப்பப் பேசியிருக்கலாம். பல பத்தாண்டு கழித்துச் சொன்ன நினைவுகள் அடுத்த வகை. யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று தெரியாதவை கடைசி வகை.

மூன்றாவதுதான் முக்கியம். "ஏன் உடைந்தது?" என்பது ஒரே கேள்வி போலத் தோன்றும். ஆனால் "பொருளில் என்ன பலவீனம்?", "அந்த நாளில் ஏன்?", "அந்த இடத்தில் ஏன்?" என்று மூன்று கேள்விகள் அதற்குள் இருக்கின்றன. ஜப்பானிய நிபுணர் இஷிகாவா மீன்முள் மாதிரி படம் போடச் சொன்னது இதற்காகத்தான். முள் பல, முதுகெலும்பு ஒன்று.

வாஞ்சி விஷயத்தையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். ஓர் இளைஞர் உயிரைக் கொடுக்கவும் எடுக்கவும் ஏன் துணிந்தார்? கடிதம் பதில் சொல்கிறது: அந்நிய ஆட்சியின் மேல் வெறுப்பு, அது மதத்தின் மொழியில், அவர் வளர்ந்த சூழலின் மொழியில் வெளிப்பட்டது. ஏன் அந்த வாரம்? முடிசூட்டு விழா. எப்படி முடிந்தது? புதுச்சேரியும் பிரவுனிங்கும். இத்தனை வெள்ளை அதிகாரிகளில் ஏன் ஆஷ்? இங்கேதான் 1908 வருகிறது. வ.உ.சி. சிறையில், கப்பல் கம்பெனி முறிவில், தூத்துக்குடி அடக்குமுறையில் சம்பந்தப்பட்ட அதிகாரி அதே ஜில்லாவுக்குக் கலெக்டராக வந்து உட்கார்ந்திருந்தார். கடிதம் அதைச் சொல்லாமல் விட்டாலும், இலக்கு அதைச் சொல்கிறது. இது என் ஊகம்தான்; ஆனால் எந்தச் சான்றையும் குப்பையில் போடாமல் செய்த ஊகம்.

இப்படிப் பார்த்தால் முதல் விளக்கமும் இரண்டாவதும் நான்காவதும் சண்டை போடத் தேவையில்லை. அவை வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில்கள். புத்தகங்கள் மோதுவது போலத் தெரிவது, எல்லாமே "ஏன்" என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால்தான்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. 1940 மார்ச் 13-ல் லண்டனில் மைக்கேல் ஓ'ட்வையரைச் சுட்ட உத்தம் சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாலியன்வாலா பாக்கில் நேரில் நின்றவர், அங்கேயே சபதம் எடுத்தவர் என்பது கதை. 2019-ல் அனிதா ஆனந்த் எழுதிய வரலாறு அதையெல்லாம் ஒவ்வொன்றாக உரசிப் பார்க்கிறது. அங்கும் இதே விசித்திரம்: 1919-ல் அமிர்தசரஸில் சுட உத்தரவிட்டவர் ஜெனரல் டயர், ஓ'ட்வையர் பஞ்சாப் கவர்னர். பெயர் ஒலி ஒற்றுமையால் இருவரையும் ஒருவராக நினைப்பவர்கள் இன்றும் உண்டு. விஞ்ச் - ஆஷ் குழப்பத்துக்கு அண்ணன் போல!

காரணம் வேறு, தீர்ப்பு வேறு

சாப்பாட்டுப் பந்தியில் பிரிந்த இரு நண்பர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். காரணத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. தீர்ப்புச் சொல்வது வேறு வேலை. நம்மில் பலர் தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஏற்ற காரணத்தைப் பிறகு தேடுகிறோம். வாஞ்சி தேசத்துக்காக உயிரை விட்டார் என்பதும், அவர் கனவு கண்ட தேசத்தின் படம் எல்லோருக்கும் இடம் தருவதாக இல்லை என்பதும் ஒரே கடிதத்திலிருந்து கிடைக்கும் உண்மைகள். ஒன்றைச் சொல்ல மற்றதை அழிக்க வேண்டியதில்லை. அந்த ரயில் பெட்டியில் கணவன் சாவதைக் கண்ணெதிரே பார்த்த ஒரு மனைவி இருந்தார். செங்கோட்டையில் இளம் வயதில் விதவையான பொன்னம்மாள் இருந்தார். எந்த விளக்கத்திலும் இந்த இருவருக்கும் ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை.

பொன்விழா, வெள்ளிவிழா என்று எத்தனை மலர் போட்டாலும், நம் கல்லூரி நமக்குக் கொடுத்த சொத்து ஒன்றுதான்: அளந்து பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதே என்ற புத்தி. ஸ்டீலுக்கு மட்டுமல்ல, சரித்திரத்துக்கும் அதே மைக்ரோமீட்டர்தான். தம்பி தங்கைகளே, அடுத்த முறை தெற்கே ரயிலில் போகும்போது, 1988-ல் பெயர் மாற்றப்பட்ட வாஞ்சி மணியாச்சி ஸ்டேஷனில் வண்டி நின்றால் இறங்கிப் பாருங்கள். அங்கிருந்து பாளையங்கோட்டை கொஞ்ச தூரம்தான். ஆஷின் கல்லறை அங்கே இருக்கிறது. பெயர்ப்பலகை, கல்லறை இரண்டையும் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். நான் எழுதியதில் எந்த முள் விட்டுப்போனது என்று நீங்கள் காட்டினால், அடுத்த மலரில் உங்கள் கட்டுரையை முதல் ஆளாக நான் படிப்பேன்.

அந்த இரண்டு நண்பர்களும் இந்த முறை ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்பது என் வேண்டுகோள். சண்டையை விட வேண்டாம், சான்றோடு தொடருங்கள்!



– இயந்திரவியல் துறை, 2011 அணி, ஓசூர்